விழுப்புரத்துக்கு வரலாறு இல்லையென்று யார் சொன்னது?

அண்மையில் விழுப்புரத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழா ஒன்றில் சிறப்புரையாற்ற வந்த அன்பர், "இது வண்டி மாறுகிற ஊர். இதற்கென்று தனி வரலாறு கிடையாது. வரலாறு வேண்டுமென்றால் செஞ்சிக்குப் போங்கள்" என்று சொல்லிச் சிரித்தார். அவையும் சிரித்தது. நாமும் அந்த அவையில் இருந்தோம், நாமும் சிரித்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். வீடு திரும்பிய பிறகுதான் அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. இரண்டு இலட்சம் கால்கள் நாள்தோறும் நடக்கிற தெருக்களை வைத்துக்கொண்டு, தனக்கு வரலாறே இல்லையென்று ஓர் ஊர் எப்படி நம்பத் தொடங்குகிறது? அந்த நம்பிக்கையால் யாருக்கு ஆதாயம்? இக்கட்டுரை அந்தக் கேள்விகளுக்காக எழுதப்படுவது.

செஞ்சியின் பெருமையை நாம் மறுக்கவில்லை. 2025 ஜூலையில் மராத்தியர் படைத்தலங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ அதனை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது நாமும் மகிழ்ந்தோம். ஆனால் கோட்டையும் கொத்தளமும் கல்வெட்டும் செப்பேடும் இருந்தால்தான் வரலாறு என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. உள்ளூர் வரலாறு என்று வெளிவரும் சிறு நூல்களைப் புரட்டுங்கள். பல்லவர் வருவார்கள், சோழர் வருவார்கள், தலபுராணம் வரும், திந்திரிணி வனமே திண்டிவனமாயிற்று என்ற பெயர்க்காரணம் வரும். பிறகு வெள்ளைக்காரன் வருவான். அதன்பின் ஒரே தாவலில் 1993ஆம் ஆண்டு தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்து விழுப்புரம் மாவட்டம் உருவான செய்திக்கு வந்து, முக்கியப் பிரமுகர் பட்டியலோடு நூல் முடிந்துவிடும். இடைப்பட்ட நூறாண்டு எங்கே போயிற்று? நம் பாட்டனும் பாட்டியும் வாழ்ந்த நூற்றாண்டு அது. அதுவே நம் நூல்களில் வெற்றுத்தாளாகக் கிடக்கிறது.

அந்த வெற்றுத்தாளில் என்னவெல்லாம் இருந்திருக்க வேண்டும் என்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

"வண்டி மாறுகிற ஊர்" என்றாரே, அதிலிருந்தே தொடங்கலாம். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைக்கும் இருப்புப்பாதை பிரிகிற சந்திப்பு இது. மீட்டர் கேஜ் காலத்தில் இங்கே நீராவி எஞ்சின்களுக்கான லோகோ ஷெட் இருந்தது. நள்ளிரவில் கால் பாய் வந்து கதவைத் தட்டி, நோட்டில் கையெழுத்து வாங்கி, டிரைவரையும் ஃபயர்மேனையும் பணிக்கு அழைத்துச் சென்ற தெருக்கள் இன்னும் இருக்கின்றன. 1960களில் சென்னையிலிருந்து விழுப்புரம் வரை மின்பாதை வந்தபோது கரியள்ளிப் போட்டுப் பழகிய கைகள் என்ன ஆயின? 1974 மே மாதம் நாடு முழுவதும் இரயில்வே தொழிலாளர் இருபது நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, இங்குள்ள குடியிருப்புகளில் அடுப்பு எப்படி எரிந்தது? அந்த வீட்டுப் பெண்கள் யாரிடம் கடன் வாங்கினார்கள்? இவற்றுக்கு இரயில்வே கோப்புகளில் விடை இராது. மனிதர் நினைவில்தான் இருக்கிறது.

திண்டிவனத்துக்கு வருவோம். இந்தியாவின் நிலக்கடலை வயல்களிலெல்லாம் பேர்பெற்ற டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்ற இரகங்களின் முதலெழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஈன்றவை அவை. நம் பக்கத்து மக்கள் நிலக்கடலையை "மல்லாட்டை" என்பார்கள். மணிலாக்கொட்டை என்பதன் மருவு அது. ஒரு கடல்கடந்த பயிர் நம் மண்ணில் குடியேறிய கதை அந்த ஒரு சொல்லுக்குள் மடிந்து கிடக்கிறது. மல்லாட்டை ஆய்ந்த பெண்களின் கூலி என்ன, கமிட்டிக்கு மூட்டை கொண்டுபோன குடியானவன் எடைபோடுகையில் எவ்வளவு இழந்தான், செக்கு போய் எண்ணெய் ஆலை வந்தபோது எந்தக் குடும்பங்கள் எழுந்தன, எவை விழுந்தன என்பதையெல்லாம் சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்து திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்க நமக்கு நேரமில்லை.

அடுத்து வருவது இன்னும் கனமானது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். கோயில் நுழைவு அனுமதிச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் 1947இல் அவர் ஆட்சியில்தான் நிறைவேறின. சட்டம் சென்னையில் நிறைவேறியது. அது ஓமந்தூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு எப்போது வந்து சேர்ந்தது? எந்தக் கோயிலில் யார் முதலில் படியேறினார்கள்? அவர்களுக்கு என்ன நேர்ந்தது? இந்தக் கேள்வி பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2023 ஜூன் மாதத்தில் விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் தலித் மக்கள் வழிபாட்டுக்கு எழுந்த எதிர்ப்பினால் திரௌபதி அம்மன் கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. சட்டம் வந்து எழுபத்தாறு ஆண்டுகள் கழித்து நடந்தது இது. இடைப்பட்ட எழுபத்தாறு ஆண்டும் இந்த ஊர்களில் என்ன நடந்தது என்ற பதிவு நம் கையில் இருந்திருந்தால், "இங்கே எப்போதுமே இப்படித்தான்" என்று ஒரு தரப்பும் "இங்கே எந்தப் பிரச்சினையும் இருந்ததில்லை" என்று மறு தரப்பும் கூசாமல் சொல்லிவிட முடியாது. 1947இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. நமக்கு எஞ்சியிருக்கும் காலத்தைக் கணக்கிட இதற்கு மேல் எண்கணிதம் வேண்டாம்.

இனி 1978. அந்த ஆண்டு ஜூலை மாதம் விழுப்புரம் நகரில் தலித் மக்கள் பன்னிருவர் கொல்லப்பட்டனர். கடைத்தெருவில் மூண்ட தகராறு குடியிருப்பைக் கொளுத்துகிற வரை போயிற்று. ஒதுங்கிய சிற்றூரில் நடந்ததன்று இது. இரயில் சந்திப்பும் காவல் நிலையமும் நீதிமன்றமும் உள்ள நகரத்தின் நடுவே நடந்தது. 1968 டிசம்பர் 25இல் 44 உயிர்கள் எரிந்த கீழ்வெண்மணியைத் தமிழ் இலக்கிய உலகம் அறியும். அதைப் பற்றி நாவலும் கவிதையும் ஆவணப்படமும் உண்டு. விழுப்புரத்தை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நம் வகுப்பில் விழுப்புரத்திலேயே பிறந்து வளர்ந்த மாணவர்களிடம் 1978 என்று எழுதிப் போட்டுக் கேட்டோம். ஒருவர் எம்.ஜி.ஆர். ஆட்சி என்றார். சரியான விடைதான், ஆனால் அவ்வளவுதான். கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி மட்டும் வகுப்பு முடிந்தபின் வந்து, "எங்க ஆயா சொல்லும் சார். ஆனா வெளியில சொல்லக் கூடாதுன்னு சொல்லும்" என்றாள்.

அந்த "வெளியில சொல்லக் கூடாது" என்ற வாக்கியத்தின் மேல்தான் விழுப்புரத்தின் அமைதி கட்டப்பட்டிருக்கிறது. அன்று இருபது வயதில் ஓடி ஒளிந்தவர் இன்று அறுபதின் பிற்பகுதியில் இருக்கிறார். அன்று கதவைத் திறந்து அடைக்கலம் கொடுத்தவரும், கதவைச் சாத்திக்கொண்டவரும் அதே வயதில் அதே நகரில் இருக்கிறார்கள். விசாரணை ஆணையம் அமைத்தார்கள், வழக்கும் நடந்தது. ஆணையம் கேட்பது ஆணையத்துக்கு வேண்டிய கேள்வியை. நீதிமன்றம் கேட்பது குற்றத்தை நிறுவவும் மறுக்கவும் வேண்டிய கேள்வியை. அந்த இரவுக்குப் பிறகு அதே கடைத்தெருவில் அரிசி வாங்கப் போன பெண்ணின் கால் எப்படி நடுங்கிற்று என்று எந்த ஆணையமும் கேட்காது. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

1987 செப்டம்பரில் வன்னியர் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் நடந்த சாலை மறியலும் இவ்வாறே. இவ்விரு நகரங்களையும் ஊடுருவிச் செல்லும் நெடுஞ்சாலையே அப்போராட்டத்தின் களம். அதில் உயிரிழந்த 21 பேருக்கு விழுப்புரம் வழுதரெட்டியில் மணிமண்டபம் எழுப்பப்பட்டு 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. வேண்டியதே. ஆனால் மண்டபம் பெயரைக் காக்கும், குரலைக் காக்காது. மரம் வெட்டிச் சாலையில் போட்டவர், அந்த வாரம் மருத்துவமனைக்குப் போக வழியின்றித் தவித்தவர், துப்பாக்கிச் சூட்டில் மகனை இழந்த தாய், பணியிலிருந்த காவலர், அவ்வேளை எரிந்த குடிசைக்காரர் ஆகிய எல்லாரும் பேசினால்தான் அந்த வாரம் வரலாறாகும். ஒருவரைப் பேசவிட்டு மற்றவரை அடக்கினால் அது கட்சி மலராகும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் சில வாதங்களை நாம் அறிவோம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம், கற்றவர்களிடமிருந்தே வருகிறது. கிழவர் கிழவியர் சொல்வது வரலாறாகுமா, நினைவு பிழைபடுமே என்பது. பிழைபடும்தான். இத்தாலியில் தெர்னி என்னும் உருக்காலை நகரில், 1949 மார்ச்சில் காவல்துறையோடு நேர்ந்த மோதலில் லுயிஜி திராஸ்துல்லி என்ற இளந்தொழிலாளி இறந்தான். நேட்டோ உடன்படிக்கையை எதிர்த்து ஆலையிலிருந்து வெளிநடப்புச் செய்த நாள் அது. ஆனால் பல ஆண்டுகள் கழித்து அலெஸ்ஸாந்த்ரோ போர்தெல்லி அங்கே போய்க் கேட்டபோது, பலரும் அவன் 1953இல், பெருந்திரளான தொழிலாளர் வேலைநீக்கத்தை எதிர்த்த தெருப் போராட்டத்தில் இறந்தான் என்றே சொன்னார்கள். போர்தெல்லி அதைப் பிழையென்று ஒதுக்கிவிடவில்லை. ஏன் எல்லாரும் ஒரே திசையில் பிழை செய்கிறார்கள் என்று கேட்டார். தங்கள் தோழனின் சாவுக்குத் தங்கள் வாழ்வில் மிகப் பெரிய நிகழ்வோடு இடம் தேடித் தந்திருக்கிறார்கள் என்று கண்டார். பிழையைக்கூட இப்படிப் படிக்கக் கற்றவனுக்கே நினைவு வரலாறாகும். மேலும், பிழைபடாத ஆவணம் எது? 1906இல் டபிள்யூ. ஃபிரான்சிஸ் எழுதிய தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி அருமையான நூல். ஆனால் அது ஆட்சியர் அலுவலக நாற்காலியிலிருந்து பார்த்த மாவட்டம். மாட்டுத்தொழுவத்திலிருந்து பார்த்த மாவட்டம் அதில் இல்லை. ஆவணத்தை நினைவாலும் நினைவை ஆவணத்தாலும் உரசிப் பார்ப்பதே முறை.

இரண்டாம் வாதம், நல்லவர்களிடமிருந்து வருகிறது. ஆறிய புண்ணை ஏன் கிளற வேண்டும், இப்போது எல்லாரும் ஒற்றுமையாகத்தானே இருக்கிறோம் என்பது. புண் ஆறியதா என்பதைச் சொல்லும் உரிமை புண்பட்டவருக்கே உண்டு. அவரிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. தேசப் பிரிவினையைப் பற்றியும் அரை நூற்றாண்டுக் காலம் இப்படித்தான் சொன்னார்கள். ஊர்வசி புட்டாலியா 1998இல் பெண்களின் வாய்மொழிகளைத் தொகுத்து நூலாக்கிய பிறகே, எல்லைக்கோட்டின் வரலாறு வீட்டுக்குள் நடந்தவற்றின் வரலாறாகவும் மாறியது. இன்று 1947 பிரிவினைக் காப்பகம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நினைவுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. பேசியதால் எந்த நாடும் மீண்டும் பிளவுபடவில்லை.

மூன்றாம் வாதம், இக்காலத்துக்குரியது. முகநூலில்தான் "நம்ம விழுப்புரம்" என்று ஆயிரம் படங்கள் வருகின்றனவே, அது போதாதா என்பது. அவற்றை நாமும் விரும்பிப் பார்க்கிறோம். பழைய திரையரங்கு, முதல் டிக்கெட், தேநீர்க் கடை, சிவாஜி கணேசன் பிறந்த ஊர் என்ற பெருமிதம். இனிமையானவைதான். ஆனால் புகைப்படம் எடுக்க வசதியிருந்தவர் வீட்டு நினைவு மட்டும் ஊர் நினைவாகிவிடுமா? சேரியில் ஆல்பம் ஏது? செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்கள் எந்தப் படத்தில் இருக்கின்றன? அம்மக்களின் குரல் பதிவான இடமெல்லாம் புகார் மனுக்கள்தாம். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் அவர்தம் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தாரும் நெடுங்காலம் அவர்களோடு நின்றதால் அம்மனுக்களாவது எழுதப்பட்டன. மனுவில் ஒருவரின் துன்பம் இருக்கும். அவர் பாம்பும் எலியும் பிடித்த திறம் இராது, பாடிய பாட்டு இராது, சிரித்தது இராது.

நான்காவதாக ஒரு வாதம் உண்டு. அதை நாமே, தமிழாசிரியராகிய நாமே, சொல்லி வருகிறோம். இது வரலாற்றுத் துறையின் வேலை என்பது. இதைவிடப் பெரிய பொய் வேறில்லை. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தும்வரை, நம் துறைகள் ஆண்டுதோறும் ஆய்வேடுகளைக் குவித்தன. உவமைகள், வருணனைகள், சமுதாயப் பார்வை. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. அவற்றுள் பத்தில் ஒன்றை ஒரு தெருவின் நினைவைப் பதிவுசெய்யப் பயன்படுத்தியிருந்தால், தென்னார்க்காட்டின் இருபதாம் நூற்றாண்டு இன்று நம் நூலகத்தில் இருந்திருக்கும். வழிகாட்டிகள் இல்லையென்றும் சொல்ல முடியாது. விழுப்புரத்தில் வாழ்ந்து பணிபுரிந்த த. பழமலய் 1988இலேயே "சனங்களின் கதை"யில் தம் சனங்களின் பேச்சைக் கவிதையாக்கிக் காட்டினார். கண்மணி குணசேகரன் தனி ஒருவராய் நடுநாட்டுச் சொல்லகராதி தொகுத்தார். பக்கத்துப் புதுச்சேரியில் கி. ராஜநாராயணன் மாணவர்களைத் துணைக்கொண்டு நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். இவற்றையெல்லாம் நாம் பாடத்திட்டத்தில் வைத்தோம், மதிப்பெண் போட்டோம், பின்பற்றத்தான் இல்லை.

இதற்குப் பெருநிதி வேண்டுமென்று சொல்வதும் சோம்பலே. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்ட வடு நெஞ்சில் இருக்க, போர்ச்சூழலில் ஈழத்து இளைஞர்கள் 2005இல் நூலகம் என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். இன்று வாய்மொழி வரலாறுகளும் அங்கே சேர்கின்றன. அவர்களுக்கு எரிந்த நூலகம் பாடம் புகட்டிற்று. நமக்கோ 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் பாடம் புகட்டியிருக்க வேண்டும். மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. எத்தனை வீடுகளில் பரணிலிருந்த பத்திரமும் படமும் கடிதமும் சேறாயின! நீர் நின்ற இடங்களையெல்லாம் பார்த்து, "இது பழைய ஏரி, இது வாய்க்கால் போன வழி" என்று கைநீட்டிச் சொன்னவர்கள் முதியவர்களே. விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் மழைதோறும் குளமாவது ஏனென்று அறிய வல்லுநர் குழு வேண்டியதில்லை. எண்பது வயதுக் குடியானவர் ஒருவர் போதும். அவரிடம் முன்பே கேட்டு வரைந்து வைத்திருந்தால் அது நினைவுக்குறிப்பு மட்டுமன்று, நகரமைப்பு ஆவணம்.

எப்படிச் செய்வது என்றும் சொல்லிவிடுகிறோம். கைப்பேசி போதும், ஆனால் விசிறியை நிறுத்தி, தொலைக்காட்சியை அணைத்து, அருகே உட்கார்ந்து பதிய வேண்டும். "அக்காலம் எப்படி இருந்தது" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்ற விடைதான் வரும். "எந்தக் கதவு வழியாக வெளியே வந்தீர்கள், கையில் என்ன இருந்தது" என்று கேட்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். மல்லாட்டையை நிலக்கடலை என்று திருத்தும் தமிழாசிரியத்தனம் ஆகாது. பெயர், வயது, தெரு, நாள் குறித்து, மூன்று படிகள் எடுத்து, ஒன்றையாவது வேறு ஊரில் வைக்க வேண்டும். கேட்பவர் யார் என்பதிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை, அடிமைகளாக இருந்தவர்களிடம் 2,300க்கும் மேற்பட்ட வாய்மொழிகளைத் திரட்டினார்கள். கேட்டவர்களுள் பெரும்பாலோர் வெள்ளையர் என்பதால் பல விடைகளில் அச்சமும் பணிவும் கலந்தன என்பதை ஆய்வாளர் பின்னர்க் கண்டனர். ஊர்த்தெருவிலிருந்து போகிறவரிடம் சேரிப் பாட்டி சொல்வது வேறு, தன் பேத்தியிடம் சொல்வது வேறு. ஆகவே பேத்தியின் கையில் கருவியைக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காக்க முடியாத வாக்கைக் கொடுக்கலாகாது. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி, வட அயர்லாந்துப் போராளிகளிடம் "நீங்கள் இருக்கும்வரை வெளியிட மாட்டோம்" என்று சொல்லிப் பதிந்த ஒலிப்பேழைகளை 2011இல் சட்டத்தின் வழியே காவல்துறை கேட்டது. கல்லூரியால் முழுதும் காக்க முடியவில்லை. 1978ஐயும் 1987ஐயும் கேட்கப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. எதைப் பதிவது, எதைப் பெயர் மாற்றி வைப்பது, எதைக் கேட்டு மனத்தோடு நிறுத்திக்கொள்வது என்ற முடிவு, சொல்கிறவருடையதாகவே இருக்க வேண்டும். அந்த ஆயா "வெளியில சொல்லக் கூடாது" என்றால், அதுவே முதல் பதிவு.

முடிக்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாகச் சேர்ந்து டிரைவராக ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நம் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தார். தேநீர்க் கடையில் பார்க்கும்போதெல்லாம், "வாங்க சார், எழுபத்து நாலு ஸ்டிரைக்கு பத்தி உங்ககிட்ட நெறைய சொல்லணும்" என்பார். "வர்ற ஞாயிறு வரேங்கய்யா" என்போம். ஒரு ஞாயிறு விடைத்தாள் திருத்தும் பணி. மறு ஞாயிறு தரமதிப்பீட்டுக் குழு வருகைக்கான கோப்பு வேலை. மூன்றாவது ஞாயிறு ஒரு திருமணம். நான்காவது முறை போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அவர் மகன் நம்மை அடையாளம் கண்டு, "அப்பா உங்களத்தான் சார் கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றார்.

விழுப்புரத்துக்கு வரலாறு இல்லையென்று அன்று மேடையில் சொன்னவர் மீது நமக்கு இப்போது சினமில்லை. அவர் சொன்னதை நாள்தோறும் உண்மையாக்கிக் கொண்டிருப்பவர்கள் நாமே. இதைப் படிக்கிற அன்பர்கள் பின்னூட்டத்தில் பாராட்ட வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு திண்ணைக்குப் போங்கள்.